டேப்புக்குப் பொட்டு

நான் பகுதி நேரமாகக் கணக்கெழுதும் ஆபீஸில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. பெயர் ஆட்டோலோடர். உள்ளே எட்டு டேப்புகள், ஒரு குட்டி இயந்திரக் கை. ராத்திரியானால் அந்தக் கை வேண்டிய டேப்பை எடுத்து டிரைவில் செருக, அன்றைய கணக்கெல்லாம் அதில் பதிவாகும். ஆட்டி வைக்கும் சாஃப்ட்வேர் பேக்குலா. பேக்கப்பும் டிராகுலாவும் கலந்த பெயர். இதுவும் ராத்திரியில் வந்துதான் உறிஞ்சுகிறது. 2002-லிருந்து காசில்லாமல், சோர்ஸ் கோடோடு கிடைக்கிறது.

"இந்தக் காலத்துல போய் டேப்பா?" என்று சர்வர் பார்க்கும் தம்பியைக் கிண்டலடித்தேன்.

"2011-ல ஜிமெயில்ல கொஞ்சம் பேரோட மெயில் காணாமப் போனப்ப, கூகுளே டேப்புலேருந்துதான் சார் மீட்டாங்க" என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். கை சும்மா இருந்தால்தானே?

2022 ஆயுத பூஜை. தம்பி ஊருக்குப் போய்விட்டான். நான் பக்தி சிரத்தையாக மேகஸினை (நீங்கள் கையில் வைத்திருப்பதல்ல, டேப் அடுக்கும் தட்டு) உருவி, எட்டு டேப்பையும் துடைத்து, பார்கோடு மேலேயே சந்தனம், குங்குமம் வைத்துத் திரும்ப அடுக்கினேன். வரிசையா? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு!

எந்த அறையில் எந்த டேப் என்று பேக்குலா ஒரு பேரேடு வைத்திருக்கிறது. மூன்றாம் அறை டேப்பை ஏற்றிப் பார்த்தால் வேறு பெயர். போன மாதக் கணக்கு. மேலே எழுதக் கூடாது. வேலையை நிறுத்திவிட்டு, 'சரியான வால்யூமை மவுண்ட் செய்யவும்' என்று மெயில் அனுப்பியது. எனக்குத்தான். யாரோ புத்தகம் விற்கிறான் என்று தினமும் டெலிட் செய்தேன். பி.காம். மூளை!

ஊரில் தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. பத்தாம் நாள் சர்வர் டிஸ்க் மண்டையைப் போட்டது. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு ஒரு வாரம்கூட இல்லை. முதலாளி முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

தழும்போடு வந்து சேர்ந்தான் தம்பி. பேரேடு நல்ல வேளையாக வேறு கம்ப்யூட்டரில் இருந்தது. பார்கோடு தெரிந்தால் எந்த டேப் எங்கே என்று பெட்டியே சட்டென்று சொல்லிவிடுமாம். குங்குமம் புண்ணியத்தில், ஒவ்வொன்றாக டிரைவில் ஏற்றி இறக்கிப் பெயர் கேட்க வேண்டியதாயிற்று. விடிகாலையில் செப்டம்பர் கணக்கு முழுசாகத் திரும்பி வந்தது. பூஜைக்கப்புறம் போட்டது எதுவும் வரவில்லை. அந்த வவுச்சர்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து நானே மறுபடி ஏற்றினேன்.

முதலாளி கேட்டதற்கு, "டேப் வரிசை மாறிடுச்சு சார்" என்றான் தம்பி. மாற்றியது யார் என்று சொல்லவில்லை. நானும்தான்.

2023 ஆயுத பூஜைக்குப் பெட்டிச் சாவி அவன் பாக்கெட்டில். கதவுக்கு வெளியே சின்னதாக ஒரு பொட்டு. அதையும் அவனேதான் வைத்தான்.