சனிக்கிழமைக் கடமை

சென்ற மாதம் எம் ஒழுங்கையில், முன் சக்கரம் வெளிப்புறமாக மடிந்து, முழந்தாளிட்ட மாடுபோல் கிடந்த எமது காரைத் தூக்கி நிறுத்த அயலவர் நால்வர் ஓடி வந்தனர். அவர்களுள் ஒருவர் எமது நண்பர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏன் மாஸ்ரர் இந்தக் கிழட்டுக் காரை இன்னும் கட்டி அழுகிறியள்? இறக்குமதிதான் திரும்பவும் விட்டாச்சே" என்றார். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர் அவருக்குப் புதுக்கார் ஆசை பிறந்திருக்கிறது. விலையைக் கேட்டதும் அவ்வாசை சற்றே அடங்கிற்று என்பது வேறு விடயம்.

நாம் மறுமொழி கூறவில்லை. கூறும் நிலையிலும் இருக்கவில்லை. திண்ணையில் எம் தந்தையார் அமர்ந்திருந்தார்.

வேலணையில் எமது வீட்டு வேப்பமர நிழலில் நிற்பது 1963ஆம் ஆண்டில் உருவான மொறிஸ் மைனர். தந்தையார் அதனைப் பழைய காராகவே வாங்கினார். அதன் மைல்மானியில் இலக்கங்கள் ஐந்தே. 99,999 மைலைக் கடந்தால் மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும். எமது கார் அவ்வாறு இருமுறை 'மறுபிறவி' எடுத்துவிட்டது. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வகைக் கார்கள், 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியாயின. தாய்நாட்டிலே உற்பத்தி நின்ற பின்னரும் அவற்றைப் பேணுவோர் குறையவில்லை. 1990களில் நமது தென்னிலங்கையிலேயே இக்காருக்கு வேண்டிய உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பலாயினர் என்றால், இதன் ஆயுளைப்பற்றி வேறென்ன கூறுவது!

நம்மவர் பழங்காரைப் பேணக் கற்றது விருப்பத்தினால் அன்று. 1960களில் அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் கார் இறக்குமதிக்குக் கடுங் கட்டுப்பாடு வந்தது. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கும்வரை உள்ளதைக் காத்து ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரில் ஒஸ்ரின் ஏ 40 கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாடகைக்கு ஓடியமைக்கும் மூலகாரணம் இதுவே.

ஆயினும் தீவுப்பகுதியில் காருக்குப் பகை ஓடிய மைல் அன்று, உப்பு. பண்ணைத் தாம்போதியில் சோளகக் காற்று வீசும்போது எழும் நீர்த்திவலை காரின் அடியெங்கும் படிகிறது. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டு உடலே அதன் எலும்புக்கூடு. தளம் துருப்பிடித்தால் முதுகெலும்பு உளுத்ததாகவே கொள்ளவேண்டும். ஆகையால் எந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயைத் தந்தையார் ஒரு சொட்டும் வீணாக்கார். பழைய தூரிகையால் காரின் அடிப்புறம் முழுவதும் பூசிவிடுவார். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளை ஈர்க்கினால் குத்தித் திறப்பார். றேடியேற்றருக்குக் கிணற்று நீர் வார்ப்பது எம் வீட்டில் பெருங்குற்றம். தேநீர் வைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே படிவு எந்திரத்தின் நீர்வழிகளை அடைத்தால் வெப்பம் வெளியேற வழியிராது. மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீர்ப் போத்தல்கள் இரண்டு அடுக்களையில் காருக்கென்றே இருக்கும். குடிக்க நல்ல நீர் அரிதான ஊரில் காருக்கு மழைநீரா என்று எம் அன்னையார் முணுமுணுத்த நாட்களும் உண்டு.

1990இல் தீவு மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபோது, திருத்த வேலைக்காக யாழ்ப்பாண நகரில் விடப்பட்டிருந்தமையால் அக்கார் தப்பிற்று. அதன் பின் 1995 வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் மருந்துபோல் ஆயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே காற்று வடிகட்டியைக் கழற்றி, காபுரேற்றரின் வாயில் பெற்றோல் சில துளிகளை விட்டு எந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைப் பற்றச் செய்வர். மருந்துப் போத்தலிலிருந்து அத்துளிகளை விடும் உத்தியோகம் அன்று சிறுவனாயிருந்த எமக்கு வாய்த்தது. ஐந்து துளிக்குமேல் விட்டால் தலையில் குட்டு விழும்.

அந்நாளில் நிகழ்ந்த ஒன்று நன்கு நினைவிலிருக்கிறது. எந்திர எண்ணெயின் அளவு குறையாமல் நாளுக்கு நாள் கூடுவதைக் கண்டு அயலில் ஒருவர், "பாருங்கோ, எண்ணெய் தானாக ஊறுது" என்று மகிழ்ந்தார். தந்தையார் அளவுக்கம்பியில் ஒட்டியதை விரல்களிடையே தேய்த்து முகர்ந்து பார்த்தார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருந்தது. அதை அப்படியே விட்டு ஓடியிருந்தால் தாங்கிகள் உருகியிருக்கும். தமது காரின் எண்ணெயை அவர் அடிக்கடி வடித்து மாற்றியதனால் எந்திரம் பிழைத்தது. அதே காரில் நள்ளிரவில் ஆஸ்பத்திரி சேர்ந்து குழந்தை பெற்ற தாய்மார் இருவர் எம் அயலில் இருந்தனர்.

இப்பொழுது தந்தையாருக்குக் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. காரின் பொறுப்பு எம்முடையது. சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரே கேள்வி: "தம்பி, கிறீஸ் அடிச்சனியோ?"

இக்காரின் முன் சக்கரங்கள் திரும்புவது புரியிட்ட மூட்டுகளின்மீது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஜக் வைத்துத் தூக்கிச் சுமை நீக்கி, அவற்றுக்குக் கிறீஸ் ஏற்றவேண்டும். தவறினால் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மூட்டை விட்டுக் கழன்று மடியும். பரீட்சைத் தாள்கள், கூட்டங்கள், வீட்டு அலுவல்கள் என்று எட்டு மாதங்களாக நாம் அதனைத் தொடவில்லை. கேட்டபோதெல்லாம், "ஓம் ஐயா" என்றோம். பார்வையற்ற முதியவரிடம் அது எத்துணை இலகுவான சொல்!

அன்று அன்னையாரை யாழ்ப்பாணத்தில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னாசனத்தில் அன்னையாரும் எம் மகளும். தாம்போதியில் இருபுறமும் கடல்; மணிக்கு 40 மைல் வேகத்தில் வந்தோம். அல்லைப்பிட்டியைக் கடந்து வேலணையில் எம் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பியபோதுதான் 'மடக்' என்ற ஒலி கேட்டது. ஒருவருக்கும் காயமில்லை. கால் மணி நேரம் முன்னர் அது நிகழ்ந்திருந்தால் என்ற நினைவு எம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

தந்தையார் கோபிக்கவில்லை. தடியூன்றி வந்து குனிந்து, கழன்ற மூட்டைத் தடவினார். அது காய்ந்த செம்பொடியாக அவர் விரலில் ஒட்டியது. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாமே என்று ஏங்கினோம்.

மூட்டையும் கிங்பின்னையும் நகரில் தேடிப் பெறப் பதினாறு நாட்கள் சென்றன. பூட்டி முடித்த சனிக்கிழமை மாலை, அழைக்காமலே அவர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து அமர்ந்தார். புதிய மூட்டுக்குக் கிறீஸ் ஏற்றிவிட்டு, கழன்று விழாத மறுபக்கத்தையும் ஜக்கில் தூக்கினோம்.

"என்ன நிறத்திலை வருது?"

"கறுப்பு ஐயா."

"இன்னும் அடி."

கை வலித்தது. "இப்ப மஞ்சளாக வருது."

அவர் கையை நீட்டினார். பிதுங்கி வந்த கிறீசில் சிறிதை எடுத்து அவர் விரலில் வைத்தோம். நெடுநேரம் தேய்த்துப் பார்த்தார்.

"மேல் மூட்டுக்கும் அடி" என்றார்.