தனி நெட்வொர்க் என்றொரு நம்பிக்கை

"எங்கள் கன்ட்ரோல் நெட்வொர்க் தனி. வெளியே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரூட்டர், ஃபயர்வால் எல்லாம் எதற்கு?" ஆலைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையமும் ஏறக்குறைய இதையே அறிக்கையாக விட்டது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாள், இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. 'சாத்தியமில்லை' என்பதைத்தான் மறுக்கிறேன். ஈரானின் நடான்ஸ் அணு ஆலையும் தனித்திருந்ததுதான். அதைத் தாக்கி, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பென் டிரைவிலும் தொற்றிப் பரவும்படி எழுதப்பட்டிருந்தது.

அடுத்த வாதம் கொஞ்சம் விவரமானவர்களுடையது. ஒரே கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சிக்கு. "விண்டோஸ் தானாக ரூட் செய்யாது, பாக்கெட் தாண்டாது" என்பார்கள். தாண்டாதுதான். தாண்டவேண்டிய தேவையும் இல்லையே! அலுவலகப் பக்கமிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் வந்தவர், அங்கிருந்தே பிஎல்சியோடு பேசலாம். பேசும் மொழி மோட்பஸ் டிசிபி என்றால் போர்ட் 502. 1979இல் சீரியல் கேபிளுக்காகப் பிறந்த மோட்பஸ், கடவுச்சொல் கேட்காது. ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னால், சொல்வது யாரென்று பாராமல் எழுதிவிடும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் யார், எப்போது போனார் என்ற பதிவாவது மிஞ்சும். இங்கே அதுவும் கிடையாது.

பிஎல்சியில் கேட்வேயைக் காலியாக விட்டால் போதும் என்பவர்களும் உண்டு. வேறு சப்நெட்டுக்குப் பதில் போகாது, சரி. ஆனால் வழியில் ஒரு நாட் (NAT) பெட்டி அனுப்புநர் முகவரியை உள்ளூர் முகவரியாக மாற்றிவிட்டால், வெளியாளும் பிஎல்சிக்குப் பக்கத்து மெஷின்தான். சப்ளையர்கள் எல்லா மெஷினுக்கும் ஒரே 192.168 முகவரியைக் கொடுத்துவிட்டுப் போவதால், முகவரி மோதலைத் தவிர்க்கப் பல உற்பத்தி லைன்களில் அந்தப் பெட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

"எங்களிடம்தான் ஃபயர்வால் இருக்கிறதே" என்பவர்களுக்கு, அமெரிக்காவின் ஓஹியோவிலுள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையம் ஒரு பாடம். 2003 ஜனவரியில் பரவிய ஸ்லாமர் என்ற கணினிப் புழு நுழையும் போர்ட்டை அங்கிருந்த ஃபயர்வால் அடைத்தே வைத்திருந்தது. புழு வந்தது ஒப்பந்ததாரரின் நெட்வொர்க்கிலிருந்து, ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வந்த லைன் வழியாக. அலுவலக நெட்வொர்க்கிலிருந்து ஆலை நெட்வொர்க்குக்கும் தாவியது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடங்கிக் கிடந்தது. நல்லவேளை, உலை அப்போது ஓடவில்லை. அந்தப் புழுவை நிறுத்தும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, போட்டிருக்கவில்லை.

உற்பத்திக் கணக்கு அலுவலகத்துக்குப் போயே ஆகவேண்டும். மெஷின் விற்றவர் தூரத்திலிருந்து பழுது பார்க்கவும் வேண்டும். ஆகவே பாதை இருக்கத்தான் போகிறது. அதை ஒன்றாகக் குறைத்து, ஃபயர்வால் வழியாக வெளிப்படையாகப் போடுங்கள். இரு நெட்வொர்க்குக்கும் இடையில் டிஎம்இசட் என்ற தனிப் பகுதி வைத்து, உற்பத்திப் பதிவுகளைச் சேமிக்கும் ஹிஸ்டோரியன் சர்வரை அங்கே நிறுத்துங்கள். அலுவலகம் அதைக் கேட்கட்டும், பிஎல்சியை அல்ல. எந்த முகவரி எந்த முகவரியோடு எந்த போர்ட்டில் என்று எழுதி, மீதியை அடையுங்கள். எல்லாரும் எங்கும் போகலாம் என்று ஒரே விதி போடுவதானால் ரூட்டர் வாங்கும் செலவே வீண். அதற்கு முன், ஆலையில் இரண்டு கார்டு செருகிய கணினிகள் எத்தனை என்று எண்ணிப் பட்டியல் போடுங்கள்.