நாய் விற்பதற்காக ஒரு டீம்!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லாரூ என்று ஒரு குட்டி ஊர். 1922-ல் அங்கே ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஆனால், அந்த ஊருக்குச் சொந்தமாக என்.எஃப்.எல். டீம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு குறை... ஊரில் ஃபுட்பால் மைதானம் இல்லை!

இது நம்ம ஊர் ஃபுட்பால் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்களே... அந்த அமெரிக்கன் ஃபுட்பால். இன்று அந்த லீகில் ஒரு டீமை வாங்கக் கோடீஸ்வரர்களே கூட்டுச் சேர வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் கதையே வேறு. 1920 செப்டம்பரில் ஒஹாயோவின் கேன்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில்தான் லீக் பிறந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல், சிலர் கார்களின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து பேசினார்கள். டீமுக்கு 100 டாலர் கட்டணம் என்று முடிவானது. அதையும் யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை என்று சொல்வார்கள்.

இப்படித் தொடங்கிய லீகில் டீம்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்து வந்து போயின. கொலம்பஸ் நகர டீமில் பெரும்பாலோர் ரயில்வே தொழிலாளர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு ரயில் பாஸில் ஓசியில் போய்விடலாம் என்பதே அவர்களின் பெரிய பலம். டோனவாண்டா என்ற ஊர் டீம் 1921-ல் ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடியது. 45-0 என்று தோற்றது. அத்தோடு சரி, லீகில் மறுபடி தலைகாட்டவே இல்லை.

இந்த ஈசல்களிலேயே விசித்திரமானது லாரூவின் 'ஊராங் இந்தியன்ஸ்'.

அதன் முதலாளி வால்டர் லிங்கோ. அவருக்கு ஃபுட்பாலைவிட நாய்கள்தான் உயிர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்திலிருந்து வந்த ஏர்டேல் டெரியர் என்ற சுருட்டை முடி நாய்களை 'ஊராங்' என்ற பெயரில் பண்ணை வைத்து வளர்த்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார், தபாலில் ஆர்டர் வரும், நாய் ரயிலேறும். ஒரு நாயின் விலை 150 டாலர். டீம் வாங்க 100 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒரு நாயின் விலையைவிட ஒரு டீம் மலிவு! ஊர் ஊராகப் போய் ஆடினால் அங்கெல்லாம் கூட்டம் சேரும், சேர்ந்த கூட்டத்துக்கு நாயைக் காட்டலாம். நடமாடும் விளம்பரம். லிங்கோவின் கணக்கு அவ்வளவுதான்.

கூட்டத்தை இழுக்க ஒரு பெயர் வேண்டுமே? லிங்கோவுக்கு ஒரு வேட்டைத் தோழர் இருந்தார். ஜிம் தோர்ப்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றவர். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாவற்றிலும் அந்தக் காலத்தில் அவருக்கு ஈடு யாருமில்லை. மறு வருடமே பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். செய்த குற்றம்? சில வருடங்களுக்கு முன்பு சின்ன பேஸ்பால் டீம்களில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடியது. காசு வாங்கி விளையாடியவர் ஒலிம்பிக்ஸுக்கு வரக்கூடாது என்பது அன்றைய சட்டம். பணக்கார வீட்டுப் பையன்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு தொல்லையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோர்ப், சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவரை வாரம் 500 டாலர் சம்பளத்தில் லிங்கோ அமர்த்தினார். அன்றைக்கு அது பெரிய தொகை. பயிற்சியாளர், ஆட்டக்காரர், கூடவே நாய்ப் பண்ணை வேலையும் உண்டு! தோர்ப் தன் இனத்துக்காரர்களையே திரட்டினார். டீமில் இருந்த அத்தனை பேரும் பூர்வகுடிகள். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று அரசு நடத்திய கார்லைல் பள்ளியில் தோர்ப்புடன் ஆடிய ஜோ கயான், பீட் காலக் போன்ற நிஜமான திறமைசாலிகளும் வந்தார்கள். வார நாட்களில் நாய்களுக்குப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

லாரூவில்தான் மைதானம் இல்லையே? அபூர்வமாக உள்ளூர் ஆட்டம் என்றால் பக்கத்து நகரமான மேரியனில் ஆடுவார்கள். அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கின் சொந்த ஊர் அது. வெள்ளை மாளிகையில் அவர் செல்லமாக வளர்த்ததும் ஒரு ஏர்டேல் நாய்தான். மற்றபடி டீம் எப்போதும் வெளியூரில்தான்.

ஆட்டத்தைவிட இடைவேளைக்குத்தான் கூட்டம் காத்திருந்தது. மற்ற டீம்காரர்கள் இடைவேளையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். ஊராங் ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இறகு வைத்த தலைப்பாகையோடு நடனம் ஆட வேண்டும். கத்தி எறிந்து காட்ட வேண்டும். நாய்கள் வந்து வித்தை காட்டும், கரடியை மரத்தில் ஏற்றும். காலையில் எழுப்புவதே பெரும்பாடு என்பதால் 'நெடுந்தூக்கம்' என்று பெயர் வாங்கிய ஓர் ஆட்டக்காரர், கரடியோடு மல்யுத்தமே போட்டார். இதெல்லாம் முடிந்ததும் திரும்ப ஆட்டத்துக்கு ஓட வேண்டும். பாதி ஆட்டம் ஆடிக் களைத்தவர் கரடியையும் சமாளித்துவிட்டுப் பந்தைத் துரத்தினால் எப்படி ஜெயிப்பது?

ஜெயிக்கவில்லைதான். 1922-ல் 9 ஆட்டங்களில் 3 வெற்றி. 1923-ல் 11 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று. லிங்கோ பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு நாய் விற்றால் போதும்.

ஆட்டக்காரர்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளவும் செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் அவர்களைக் காட்டுவாசிகள் என்று நினைத்தார்கள். இத்தனைக்கும் பலர் பள்ளி, கல்லூரிப் படியேறியவர்கள். நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஊளையிட்டுக் கூத்தடித்தார்களாம். செயின்ட் லூயிஸில் ஒரு ராத்திரி, தாங்கள் போக வேண்டிய திசைக்கு எதிராக வந்த டிராம் வண்டியை அப்படியே தூக்கித் திருப்பி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த உடம்புகளைப் பார்த்தவர்கள் நம்பியிருப்பார்கள்.

1923 நவம்பரில் சிகாகோ பேர்ஸ் டீமுடன் ஆட்டம். மழையில் மைதானம் சேறு. பந்தோடு கோட்டை நெருங்கிவிட்ட தோர்ப்பின் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணியின் ஜார்ஜ் ஹாலஸ் அதை அள்ளிக்கொண்டு மறுமுனைக்கு ஓட ஆரம்பித்தார். பின்னால் துரத்தியது யார்? உலகின் தலைசிறந்த தடகள வீரர். ஹாலஸ் வளைந்து நெளிந்து 98 கஜம் ஓடி எல்லையைத் தொட்டார். அந்தச் சாதனை 1972 வரை முறியவில்லை. தோர்ப்புக்கு அப்போது வயது 36. பத்து வருடங்களுக்கு முன்பாக இருந்தால் ஹாலஸ் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்.

இரண்டாவது வருடம் புதுமை தீர்ந்துபோனது. கரடியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை டிக்கெட் வாங்கவில்லை. தோற்கிற டீமைப் பார்க்க யார் வருவார்கள்? லிங்கோ கையை விரித்தார். சீசனோடு டீமும் கலைந்தது.

அடுத்த ஜூன் மாதம், அதாவது 1924-ல், அமெரிக்க மண்ணில் பிறந்த பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது. அதுவரை அவர்களில் ஏராளமானோர் சொந்த மண்ணிலேயே குடிமக்கள் இல்லை. முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்காக ஐரோப்பா போய்ச் சண்டையிட்டவர் பீட் காலக். பின்னர் அவரும் நாய் விற்பவரின் டீமில் ஆடினார்.

தோர்ப்பும் கயானும் பின்னாளில் அமெரிக்க ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். தோர்ப் 1953-ல் காலமானார். பறித்த பதக்கங்களை ஒலிம்பிக் கமிட்டி 1982-ல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதிலும் கஞ்சத்தனம்... இரண்டாமிடம் வந்தவர்களோடு அவரும் 'கூட்டு வெற்றியாளர்' என்றார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்தது 2022-ல். ஓடி ஜெயித்து 110 வருடங்கள் ஆகியிருந்தன.

லாரூ இன்னும் குட்டி ஊர்தான். என்.எஃப்.எல். டீம் வைத்திருந்த ஊர்களிலேயே ஆகச் சிறியது என்ற பெயர், ஒரு நூற்றாண்டு தாண்டியும் அதனிடமே இருக்கிறது.