ஒரு ஃபேனுக்கு இரண்டு விலை



சித்திரையும் வைகாசியும் போய்விட்டன. அந்த இரண்டு மாத வெயிலுக்கான கணக்கு இப்போது உங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ்ஸாக வந்திருக்கும். "போன தடவையைவிட இவ்வளவு ஜாஸ்தியா? மீட்டர் ஓடுதா, பறக்குதா?" என்று கேட்காத வீடு திண்டுக்கல்லில் இந்த வாரம் இருக்குமா?

மீட்டரைச் சந்தேகப்படும் முன்னால், பில் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்ப்போம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே போகப் போக யூனிட் விலையும் கூடிக்கொண்டே போகும். இதில் நடுத்தரக் குடும்பத்தின் வயிற்றில் புளியைக் கரைக்கிற எண் 500.

2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஓடிய வீட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் கையைவிட்டுப் போனதுதான் காரணம். அதன் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் கடைசியாக ஏறும் யூனிட்டுக்குத்தான் விலை அதிகம் என்பது மாறவில்லை. மாதாமாதம் கணக்கெடுங்கள் என்று மக்கள் கேட்பதும் இந்தப் படிக்கட்டுக் கணக்கால்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அது வருகிறபோது வரட்டும். நம் கையில் இருப்பது என்ன? பில்லைப் பாதியாக்க வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பது யூனிட் இறங்கினாலே பல வீடுகள் ஒரு படி கீழே வந்துவிடும்.

இந்த மாதிரிக் கணக்கு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்தில் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறவர் இல்லாத தெரு உண்டா? ஆலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று கரன்ட். அதனால் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று அங்கே கணக்கு எழுதி வைக்கிறார்கள். அது கொஞ்சம் கூடினாலும் எந்த மோட்டார், எந்த மெஷின் என்று தேடுவார்கள். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் எந்தச் சாமான் எத்தனை யூனிட் தின்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. மாமியார் மாவாட்டும் கிரைண்டரையும், பிள்ளைகள் மறந்துபோன பாத்ரூம் லைட்டையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிரைண்டர் பாவம். ஏறக்குறைய 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எத்தனை வாட் என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதையும் பெருக்க வேண்டும். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்தப் பெருக்கலை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் கண் தலைக்கு மேலே போய் நிற்கும்.

ஆம், ஃபேன். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனி மலை என்று இருந்தும், நடுவில் இருக்கிற நம் சமவெளியில் சித்திரை மாதத்து ராத்திரியில் இலை அசைகிறதா? ஹால் ஃபேன் காலையில் ஓட ஆரம்பித்தால் தூங்கி எழும் வரை நிற்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். ஒரே ஒரு ஃபேன்! இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. அதே நேரம் ஓடினால் 29 யூனிட். மிச்சம் 43 யூனிட். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் என்று இரண்டை மாற்றினாலே 500-க்கு மேலே நிற்கிற பல வீடுகள் கீழே இறங்கிவிடும்.

இதற்காக யாரும் வியர்வையில் படுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரன்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று வயதான அப்பா அம்மா அறையில் ஃபேனைக் குறைத்து வைப்பது, வெயில் காலத்தில் அவர்களை ஏ.சி. இல்லாத அறைக்கு மாற்றுவது போன்ற பழக்கங்களை எனக்குத் துளியும் பிடிக்காது. அப்படி மிச்சமாகிற பணம் நமக்கு வேண்டாம்.

சரி, பி.எல்.டி.சி. ஃபேன் விலை ஜாஸ்தியாயிற்றே என்பீர்கள். ஜாஸ்திதான். சாதாரண ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு ஃபேனுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கடையில் ஒரே தடவையில் கொடுப்பது. இன்னொன்று, அது ஓடுகிற பத்துப் பதினைந்து வருடமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருப்பது. நாளெல்லாம் ஓடுகிற ஃபேனாக இருந்தால், கூடக் கொடுத்த பணம் இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு இதை வாங்கி மாட்டாதீர்கள். அங்கே அது திரும்பாது.

இந்த இரண்டாவது விலை ஏன் நம் கண்ணில் படுவதில்லை? நம் வீட்டுச் சாமான்களில் பாதியை வாங்கியவர் ஒருவர், அதற்குப் பில் கட்டுகிறவர் வேறொருவர். கல்யாணச் சீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் பெண் வீட்டார் வாங்குவார்கள். பட்ஜெட்டுக்குள் அடங்க வேண்டும், மண்டபத்தில் பார்க்கிறவர்கள் கண்ணுக்கும் நிறைவாக இருக்க வேண்டும். ஸ்டார் எத்தனை என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்குப் பொழுது? பத்து வருடம் பில் கட்டப்போவது அந்த இளம் தம்பதி. மகளுக்குச் சீர் எடுக்கும் பெற்றோர்களே, கதவில் பூப்போட்ட மாடலுக்குக் கொடுக்கிற ஆயிரத்தை ஸ்டாருக்குக் கொடுங்கள். அவள் வீட்டுச் செலவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பங்கும் இருக்கும்.

அரசு கொடுத்த சாமான்களும் அப்படித்தான் வந்தன. 2006-க்குப் பிறகு இலவசக் கலர் டி.வி., 2011 செப்டம்பரிலிருந்து மிக்ஸி, கிரைண்டர், மேசை ஃபேன். ஏழை வீட்டுப் பெண்ணின் கை வலியைக் குறைத்த திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அப்போது வந்த டி.வி.யும் ஃபேனும் இன்னும் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அது எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இது இன்னும் கசக்கும். ஃபேனையும் கீஸரையும் மாட்டுகிறவர் வீட்டுக்காரர், யூனிட்டுக்குப் பணம் கொடுப்பவர் குடியிருப்பவர். அதிலும் தனி மீட்டர் கொடுக்காமல், சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிற வீடுகள் உண்டு. முதல் 100 யூனிட் இலவசம் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஒரு போர்ஷனுக்கு ஒரு மின் இணைப்பு என்று வீட்டுக்காரர்கள் மனம் வைத்தால் என்ன? குடியிருப்பவர்களும் ஒன்று செய்யலாம். ஃபேனைச் சொந்தமாக வாங்கி மாட்டி, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் வாட்டர் ஃபில்டரைக் கழற்றி எடுத்துப் போவதில்லையா?

இனி ஃபிரிட்ஜ். இருபத்து நான்கு மணி நேரமும் செருகியே இருக்கிற பெரிய சாமான் அது. அதன் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளை 2006-ல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கொண்டுவந்தது. நாம் ஐந்து ஸ்டாரா, மூன்று ஸ்டாரா என்று எண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். ஸ்டாருக்கான அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள் என்பதால், பழைய ஐந்து ஸ்டார் புதிய கணக்கில் மூன்றாகக்கூட இருக்கலாம். லேபிளில் இன்னும் இரண்டு விஷயம் அச்சாகியிருக்கும். எந்த வருடத்து லேபிள் என்பது ஒன்று, வருடத்துக்கு எத்தனை யூனிட் ஆகும் என்பது இன்னொன்று. அந்த யூனிட் எண்தான் நான் சொன்ன இரண்டாவது விலை. இரண்டு ஃபிரிட்ஜுக்கு நடுவே தடுமாறினால் அந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பழக்கம். புது ஃபிரிட்ஜ் வந்ததும் பழையது எங்கே போகிறது? "நல்லாத்தானே ஓடுது" என்று மாடி அறைக்கோ, ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ போகிறது. மிச்சம் பிடிக்க வாங்கிய வீட்டில் இப்போது இரண்டு ஃபிரிட்ஜ் ஓடுகின்றன. அல்லது பில் கட்டச் சிரமப்படுகிற அம்மா வீட்டில், நிறையக் கரன்ட் குடிக்கிற ஃபிரிட்ஜ் ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்குக் கொடுப்பதென்றால் புதியதைக் கொடுங்கள்.

ஏ.சி. இன்று ஆடம்பரம் என்று யார் சொல்ல முடியும்? 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் ஓடிய ஏ.சி.களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பழைய ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவுக்கு ஏழெட்டு யூனிட் எடுத்தால், இரண்டு மாதத்தில் அது மட்டுமே 500-ஐ நெருங்கிவிடும். 18-ல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதில் என்ன சுகம்? 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ஏ.சி.கள் 24 டிகிரி என்ற அமைப்போடுதான் வருகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் ஆறு சதவீதம் போல மிச்சமாகும். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். தூக்கம் கெடாது.

ஏ.சி. ஏன் இவ்வளவு பாடுபடுகிறது? மேலே இருக்கும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரியெல்லாம் அறைக்குள் இறக்குகிறது. நாகல்நகரிலும் பேகம்பூரிலும் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது என்பார்கள். மொட்டை மாடியில் சுண்ணாம்போ வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயின்ட்டோ அடித்தால் வெயிலின் பெரும் பகுதி திரும்பிப் போய்விடும், அறைச் சூடு சில டிகிரி குறையும். நம் தாத்தாக்கள் தளத்தின் மேல் தட்டோடு பதித்ததும் இதற்காகவும்தான். மாசி, பங்குனியிலேயே இந்த வேலையை முடித்துவிட்டால் சித்திரைக்கு ஏ.சி.யின் சுமை குறையும்.

தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. ஆத்தூர் டேமிலிருந்து வருவதைச் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறவர்கள் நாம். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு ஓடுவதற்குள் தண்ணீரும் போகிறது, கரன்ட்டும் போகிறது. சில நூறு ரூபாய்க்கு அலாரம் கிடைக்கிறது.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று. 2012-ல் நாள் முழுக்க மின்வெட்டில் தவித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விசிறிவிட்டுக்கொண்டே அம்மாக்கள் ராத்திரியைக் கழித்த வருடம். அப்போது கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வைத்த வீடுகள் பல. இப்போது மின்வெட்டு குறைந்துவிட்டது. அந்த இன்வெர்ட்டர் மட்டும் மூலையில் உட்கார்ந்து, வலு இழந்த பேட்டரியை ராப்பகலாகச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் செட்டாப் பாக்ஸ். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தாலும் அது அணைவதில்லை. பத்து வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்.

இதைக் கண்டுபிடிக்க எலெக்ட்ரீஷியன் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, வாசலில் இருக்கும் ஈ.பி. மீட்டரைப் பாருங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே எழுதியிருக்கும். எல்லாம் அணைத்த பிறகும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தால், வீட்டுக்குள் எதுவோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் வேலை என்றால் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஆடித் தள்ளுபடி நெருங்குகிறது. கடைவாசலில் எத்தனை சதவீதம் குறைப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். விற்பனையாளரிடம், "தம்பி, இது வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஆகும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் லேபிளைச் சேர்ந்து படியுங்கள். நான்கு வாடிக்கையாளர்கள் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இந்த பில்லில் உங்கள் வீட்டுக்கு எத்தனை யூனிட் என்று ஈ.பி. கார்டின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். ரூபாயை எழுத வேண்டாம், யூனிட்டை எழுதுங்கள். அடுத்த பில் வந்ததும் இரண்டு எண்ணையும், நடுவில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையும் எங்களுக்கு ஒரு கடிதமாக அனுப்புங்கள். குறையாமல் போயிருந்தாலும் எழுதுங்கள். எங்கே போகிறது என்று சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்