முதல் காட்சிக்கு இரவல் பாட்டா?

கல்லூரி மாணவர்கள் இப்போது சொந்தமாகவே படம் எடுக்கிறார்கள். கதை அவர்களுடையது, நடிப்பு அவர்களுடையது. கையிலுள்ள செல்போனே காமிரா! பெற்றோர் பெருமைப்பட வேண்டிய காரியம்தான்.

ஆனால் படம் முடியும் தறுவாயில் ஒரு சண்டை வரும். முதல் காட்சிக்குப் பின்னணி இசை எது? ஒருவர் இளையராஜா என்பார். இன்னொருவர் ரகுமான் என்பார். கடைசியில் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

வந்தது வினை! பிரபலமான பாட்டு தனியாக வருவதில்லை. தன் பழைய படத்தையும், அந்தக் கதாநாயகனையும் கூடவே அழைத்து வருகிறது. திரையில் ஓடுவது மாணவர் எடுத்த மழைத் தெரு. பார்ப்பவர் மனதில் ஓடுவதோ வேறு படம்!

வைத்தியர் அமைத்த இசை

போலந்து நாட்டில் லோட்ஸ் என்று ஒரு நகரம். அங்கே சினிமாக் கல்லூரி இருக்கிறது. 1958-ம் ஆண்டில் அங்கு படித்த ரோமன் போலன்ஸ்கி, 'இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்' என்ற சின்னப் படத்தை எடுத்தார். ஆரம்பமே விசித்திரம். இரண்டு பேர் கடலுக்குள்ளிருந்து ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள்! படம் சுமார் 15 நிமிஷம். வசனம் கிடையாது. பாரம் முழுவதும் இசையின் தலையில்.

அதற்கு இசை அமைத்தவர் கிரிஸ்டாஃப் கொமேடா என்ற இளைஞர். படிப்பால் அவர் காது, மூக்கு, தொண்டை வைத்தியர். பியானோ வாசிப்பார். சினிமாவுக்குப் புதியவர். அந்த அலமாரிக்கென்றே ஜாஸ் இசை அமைத்தார். பிறகு இருவரும் பிரியவில்லை. 1968-ல் ஹாலிவுட்டில் வந்த 'ரோஸ்மேரீஸ் பேபி' படத்துக்கும் கொமேடாதான் இசை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. மெட்டுப் போட்டவர் மறைந்து 60 ஆண்டு வரை மெட்டுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டு வரை அதற்குத் தனி உரிமை. தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் இன்றைய வித்துவான் பாடிய பதிவை எடுத்து ஒட்ட, அனுமதி வேண்டும். பலர் இடறி விழுவது இங்கேதான். வகுப்பறையில் காட்டும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். படவிழாவுக்குப் போனால் "பாட்டுக்கு அனுமதி எங்கே?" என்பார்கள். நல்ல படம் பெட்டியிலேயே கிடக்கும்.

வயலின் பழகும் தோழி ஒருத்தி, தவில் அடிக்கும் பையன் ஒருவன் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, காட்சியை நாலு தடவை போட்டுக் காட்டி, வாசிக்கச் சொல்லலாம். கடைசி நாள் இரவில் அல்ல. படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கும்போதே அழைக்க வேண்டும். ஒன்றும் பொருந்தவில்லையா? மழைத் தெருவுக்கு மழைச் சத்தமே இருக்கட்டும். ஓட்டிலிருந்து வாளியில் நீர் சொட்டுவதைப் பதிவு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.