நோட்பேடில் திறக்கும் இயந்திரம்

வடசென்னையைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு கிரேன் பிடிக்கும், கன்டெய்னர் லாரி பிடிக்கும், மீன் வலை பிடிக்கும், கானா பிடிக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் கண்ணில் படவே மாட்டார். வண்ணாரப்பேட்டையிலிருந்து பாரிமுனை வரைக்கும் எந்த மாடிப்படியில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். கஸ்டம்ஸ் புரோக்கர், ஃபார்வர்டர், டிரான்ஸ்போர்ட், ஜவுளி மொத்த வியாபாரம் என்று சின்னச் சின்ன ஆபீஸ்கள். உள்ளே நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் சாமி படம். துறைமுகத்தில் ஒரு பெட்டி நகர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இந்த நாலு பேரில் ஒருவர் காகிதத்தை நகர்த்தியிருக்க வேண்டும். அவர்களைப் பற்றி எத்தனை கதை படித்திருக்கிறீர்கள்?

அவர்களுடைய டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைல் கிடக்கும். பெயர் 'டெய்லி' என்று இருக்கும், அல்லது 'டெய்லி2', அல்லது 'இதுதான் சரியானது'. அது ஒரு பேட்ச் ஃபைல். 1981-இல் வந்த டாஸ் காலத்துச் சமாச்சாரம், இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. காலையில் வந்து இரண்டு தடவை சொடுக்கினால் இன்றைய தேதியில் ஃபோல்டர் திறக்கும், பொதுக் கம்ப்யூட்டரிலிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதற்குள் காப்பி ஆகும், கணக்கு சாஃப்ட்வேர் எழுந்து நிற்கும். ஒன்பது வரி, பத்து வரிதான் இருக்கும். எழுதினவர் யார் என்று கேட்டால், "முன்னாடி ஒரு தம்பி இருந்தாப்ல, அவர் போட்டுக் குடுத்தது" என்பார்கள்.

இந்த ஒன்பது வரியை முழு டெஸ்க்டாப் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட்டாக மாற்ற வேண்டும் என்பதுதான் இப்போது ஆபீஸுக்கு ஆபீஸ் பேச்சு. மாற்ற வேண்டியதுதான். ஆனால் யார் மாற்றுவது என்பதில்தான் என் சண்டை. அந்த வேலையைச் செய்கிற ஆளே மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் அது அவர் நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய ஃபைலாகவே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் மாற்றாமல் இருப்பதே மேல்.

முதலில் எதிர்க்கட்சிகளைப் பார்ப்போம். மூன்று பேர்.

முதல் ஆள் முதலாளி. "ஓடுதுல்ல, கைய வைக்காத" என்பார். ஓடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு. பேட்ச் ஃபைலுக்கு ஒரு புரோகிராமைத் திறந்துவிடத் தெரியும், திறந்த பிறகு திரையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஜன்னல் வந்ததா வரவில்லையா என்று பார்க்கக் கண் இல்லை, 'பத்து செகண்ட் நில்லு' என்று சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான். என்றைக்காவது கம்ப்யூட்டர் பன்னிரண்டு செகண்ட் எடுத்தால் கதை முடிந்தது. தேதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பேட்ச் ஃபைல் தேதியை எடுப்பது அந்தக் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பை வைத்து. யாராவது விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அமைப்பை அமெரிக்கா என்று விட்டுவிட்டால், நாளும் மாதமும் இடம் மாறி, மார்ச் நாலாம் தேதி ஃபைல் எல்லாம் ஏப்ரல் மூன்றில் போய் உட்காரும். இதைத் தினமும் தேடிக் கண்டுபிடிக்கிறவர் முதலாளி கிடையாது, அந்த அக்காதான்.

இரண்டாவது ஆள் டை கட்டிக்கொண்டு வருகிறவர். 'பாட்' என்பார், 'டிஜிட்டல் ஊழியர்' என்பார். அக்கா வேலை செய்வதை ஒரு மதியம் பின்னால் நின்று பார்ப்பார். மவுஸ் எங்கே போகிறது, எங்கே சொடுக்குகிறது என்று பதிவு செய்துகொள்வார். அதை ஒரு எக்ஸிஇ ஃபைலாகக் கட்டி, வருஷச் சந்தா போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். மானிட்டரை மாற்றினால் பாட் செத்துவிடும், ஏனென்றால் அவர் பதிவு செய்தது திரையில் இத்தனையாவது புள்ளி என்பதைத்தான். நடுவில் ஒரு அப்டேட் பெட்டி குதித்தால் பாட் அதற்குள்ளேயே கன்டெய்னர் நம்பரைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். மாதக் கடைசியில் அந்தப் பெட்டி வரும், 'பிறகு' என்று அழுத்திவிட்டுப் போக வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் நம் ஆள், இலக்கிய நண்பர். "மனிதக் கைகளை இயந்திரம் விழுங்குகிறது" என்று உருகுவார். தினமும் இருநூறு தடவை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அதே பதினோரு எழுத்தை ஒட்டிப் பாருங்கள் தோழர், அப்புறம் கைகளைப் பற்றிப் பேசலாம். மணிக்கட்டு வலியில் கவிதை எதுவும் கிடையாது.

ஆனால் அவருடைய பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. இந்தப் பட்டையில் இயந்திரம் எப்போதும் மேலிருந்துதான் இறங்கியிருக்கிறது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில்லின் தறியை நெசவாளி வடிவமைக்கவில்லை. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தபோது மூட்டை தூக்கினவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவரால் வீட்டில் உட்கார்ந்து ஒரு கிரேனைச் செய்திருக்க முடியாது. ஸ்கிரிப்ட் அப்படி இல்லை. எழுத்துத் தெரிந்த ஆள், விலை இல்லாத ஒரு புரோகிராமை இறக்கிக்கொண்டு, நோட்பேடில் எழுதி ஓட்டிவிடலாம். தொழிலாளி தன் கையால் எழுதி, தன் கையால் திருத்தக்கூடிய இயந்திரம் இது. இப்படிப்பட்ட ஒன்று கைக்கு வந்திருக்கும்போது அதையும் டை கட்டினவரிடம் ஒப்படைத்துவிட்டு உருகிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

எழுதுவது கஷ்டமா என்று கேட்பீர்கள். ஆட்டோஇட் 1999-இலிருந்து இருக்கிறது, ஆட்டோஹாட்கீ 2003-இலிருந்து. இரண்டும் இலவசம். பேட்ச் ஃபைலில் 'பத்து செகண்ட் நில்லு' என்று இருந்த இடத்தில் இங்கே 'இந்தப் பெயருள்ள ஜன்னல் வரும்வரை நில்லு' என்று எழுதலாம். 'வந்த ஜன்னலை முன்னால் கொண்டு வா, இந்தக் கட்டத்தில் இதை நிரப்பு, வராவிட்டால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு' என்று எழுதலாம். கண் இல்லாத ஃபைலுக்குக் கண் வைக்கிற வேலை இது. ஒரே நாளில் செய்ய வேண்டியதும் இல்லை. பழைய ஒன்பது வரியை அப்படியே ஓடவிட்டு, அதற்கு அடுத்து கையால் செய்யும் ஒரு படியை மட்டும் இந்த வாரம் மாற்றலாம். அடுத்த வாரம் இன்னொன்று.

கன்டெய்னர் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு எழுத்து, ஏழு எண். ஏழில் கடைசி எண் சும்மா வந்ததில்லை, முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, உலகம் முழுக்க ஒரே விதி. ஒரு எண்ணை மாற்றி அடித்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கு இடிக்கும். அக்காவின் ஸ்கிரிப்ட் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தப்பாக இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். எக்ஸிஇ கட்டிக் கொடுத்தவருக்கு இது தோன்றாது, ஏனென்றால் நம்பர் தப்பானால் மாலையில் திட்டு வாங்குவது அவர் இல்லை.

திட்டு என்றால் சாதாரணமானது இல்லை. கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் ஜி கார்டு, எச் கார்டு என்று பேர் போட்ட அட்டை வாங்கிக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். ஷிப்பிங் பில்லில் தப்பு வந்தால் கேள்வி அந்தப் பேரை நோக்கித்தான் வரும். "பாட் பண்ணிடுச்சு சார்" என்றால் யார் கேட்பார்கள்? பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே தபால் நிலையங்களில் ஹொரைசன் என்றொரு கணக்கு சாஃப்ட்வேரை 1999-இலிருந்து வைத்தார்கள். அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, தபால் நிலையம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டனை. அவர்களில் நம் நாட்டு வம்சாவளியினரும் உண்டு. சாஃப்ட்வேரில்தான் ஓட்டை என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது, 2024-இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். இடைப்பட்ட இருபது வருஷம் அவர்களிடம் இருந்தது திரை மட்டும்தான், உள்ளே திறந்து பார்க்கும் வழி இல்லை. ஹொரைசன் பெரிய அமைப்பு, நம் ஆபீஸ் ஸ்கிரிப்ட் சின்னது. ஆனால் விதி ஒன்றுதான்: படிக்க முடியாத இயந்திரத்துக்கு முன்னால் உட்காருகிறவர் தலையில்தான் பழி விழும்.

அதனால்தான் எக்ஸிஇ வேண்டாம் என்கிறேன். பவர் ஆட்டோமேட் மாதிரி இழுத்துப் போட்டுச் செய்யும் கருவியை 2021-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. தொடக்கத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் செய்வது ஒரு கணக்கோடு கட்டிக் கிடக்கும், பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நோட்பேடில் படிக்கும் சமாச்சாரமாக இருக்காது.

தமிழ் வாசகர்களான நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பேட்ச் ஃபைலில் தமிழ் எழுதினால் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2022 டிசம்பரில் வந்த ஆட்டோஹாட்கீ இரண்டாம் பதிப்பில் குறிப்பை மட்டும் இல்லை, மாறிகளின் பெயரையே தமிழில் வைக்கலாம். 'கன்டெய்னர்_எண்' என்று எழுதினால் அது ஓடும். 'மாசக் கடைசியில் அப்டேட் பெட்டி வரும், பிறகு என்று அழுத்தணும்' என்று பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். புதிதாக வரும் பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும். அகராதியில் கலைச்சொல் தேடிச் சண்டை போடுகிற நாம் இப்படி ஒரு வரியைத் தமிழ் உரைநடை என்று எண்ணியதுண்டா?

மீதி இருப்பது பெரிய கேள்வி. ஸ்கிரிப்ட் ஓடினால் தினம் இரண்டு மணி நேரம் மிச்சம் என்று வையுங்கள். அது யாருக்கு? முதலாளிக்குத் தெரிந்தால் இன்னொருத்தர் வேலையும் சேர்ந்து தலையில் விழும் என்று பயந்து, ஸ்கிரிப்ட்டை ஒளித்து வைத்து, வேலை செய்வதுபோல் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒளித்து வைத்தால் பேரம் பேச முடியாது. 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது அவர்களுடைய குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. நிமிஷக் கணக்கு இந்த ஊருக்குப் புதிது இல்லை. "இதை எழுதினது நான், இத்தனை நேரம் மிச்சம், அதில் பாதி எனக்கு" என்று கேட்க, எழுதினவர் தானாக இருக்க வேண்டும். டை கட்டினவர் எழுதினால் அந்தப் பேரத்துக்கு வாயே கிடையாது.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களில் அப்படி ஒரு ஆபீஸில் இருப்பவர்களுக்கும், அக்காவோ அண்ணனோ அப்படி ஒரு ஆபீஸில் இருப்பவர்களுக்கும் நாலு சொல். ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் நிரப்பட்டும், ஆனால் கடைசி 'அனுப்பு' பொத்தானை மனிதர் கண்ணால் பார்த்து அழுத்தட்டும். டிஜிட்டல் கையெழுத்தின் பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதாதீர்கள், அது உங்கள் கையெழுத்து, அதை இயந்திரத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. மூல ஃபைலை இன்னொரு ஆளுக்கும் படிக்கக் கொடுத்து வையுங்கள்.

நாலாவது, முதல் வரியில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர். வேலையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது, செய்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. "முன்னாடி ஒரு தம்பி இருந்தாப்ல" என்று இன்னொரு முறை சொல்ல வைக்காதீர்கள்.