மயிரிழையிலும் மெல்லியது

மருதாணி இடாத ஒரு விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதல்லவா? ஒதுங்கிப் போன ரத்தம் தந்துகிகளுக்குத் திரும்பிவிட்டது!

தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களே தந்துகிகள். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் எழுதிய இங்கிலாந்து டாக்டர் ஹார்வியின் கண்ணுக்கு இவை அகப்படவில்லை. 1661-ல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் சுவாசப்பையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்டுபிடித்தார்.

தலைமயிரின் பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இவற்றின் பருமன். சிவப்பு அணுக்கள் 'க்யூ' வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் போகவேண்டும். சுவரோ ஒரே ஓர் அடுக்கு. அதன் வழியாகவே பிராணவாயுவும் சர்க்கரையும் உடலின் திசுக்களுக்குப் போகின்றன. கரியமில வாயு ரத்தத்துக்குத் திரும்புகிறது. இருதயம் ஓயாமல் உழைப்பதெல்லாம் இந்தப் பண்டமாற்றுக்காகத்தான்.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் மிகுந்திருந்தால் இந்த மெல்லிய சுவர்கள் பழுதாகிவிடும். முக்கியமாகக் கண்ணிலும் சிறுநீரகத்திலும். ஆரம்பத்தில் வலி இராது, பார்வையும் மங்காது. ஆகையால் வீட்டிலுள்ள நீரிழிவுக்காரர், "கண் நன்றாகத்தானே தெரிகிறது!" என்றாலும் விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

நீரிழிவு உங்களுக்கே இருக்கிறதா? வீட்டு வேலையைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போடாதீர்கள், அம்மா!